இடைநிலை உலோகங்களின் இணைதிறன் எலக்ட்ரான்களை எண்ணுவது எப்படி? கஞ்சமலைக் கல்லிலிருந்து கார்பனைல் வரை

இரும்புக்கு இணைதிறன் எலக்ட்ரான், அதாவது பிணைப்பில் பங்கெடுக்கக்கூடிய எலக்ட்ரான், எத்தனை? சேலத்தில் பிளஸ் டூ வேதியியல் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் 2 என்பார், இன்னொருவர் 3 என்பார், பின்வரிசையிலிருந்து 8 என்று ஒரு குரல் வரும். கொஞ்சம் கூடப் படித்தவர் 6 என்பார். வேடிக்கை என்னவென்றால் இந்த நாலு பதிலுக்குமே நியாயம் சொல்லலாம். கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்க்காமல் எண்ணத் தொடங்குவதால்தான் இவ்வளவு குழப்பமும்.

நம் ஊரில் கிடைக்கும் மற்ற உலோகங்களில் இந்தத் தகராறு இல்லை. சேலத்து மேக்னசைட்டில் இருக்கும் மெக்னீசியத்துக்கு 2. சேர்வராயன் மலையுச்சிகளில் கிடைக்கும் பாக்சைட்டில் இருக்கும் அலுமினியத்துக்கு 3. வெளிக்கூட்டை மட்டும் எண்ணினால் போதும். உள்கூடு நிரம்பி மூடிக் கிடக்கிறது, அது பிணைப்புக்கு வருவதே இல்லை.

சேலத்தை அடுத்த கஞ்சமலையின் இரும்பு அப்படி அல்ல. அதன் வெளிக்கூட்டில், அதாவது 4எஸ்-இல், 2 எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒரு கூடு உள்ளே தள்ளி 3டி-இல் இன்னும் 6 இருக்கின்றன. எண்ணில் பார்த்தால் 3 உள்ளே, 4 வெளியே. ஆற்றலில் பார்த்தால் இரண்டும் மிக நெருக்கம். அதனால் டி எலக்ட்ரான்களும் பிணைப்பில் கலந்துகொள்கின்றன. இடைநிலை உலோகத்துக்கு இணைதிறன் எலக்ட்ரான் என்றால் வெளிக்கூட்டின் எஸ்ஸையும் அதற்கு முந்தைய கூட்டின் டியையும் சேர்த்து எண்ண வேண்டும். அடிப்படை இவ்வளவுதான், மீதி எல்லாம் இதிலிருந்து வருவது.

தொடங்குமுன்: கேள்வி எது?

தேர்வில் வரும் கேள்விகள் மூன்று வகை. தனி அணுவில் மொத்தம் எத்தனை இணைதிறன் எலக்ட்ரான் என்பது ஒன்று. இரும்புக்கு இதன் விடை 8. ஒரு சேர்மத்தில் அந்த உலோகம் சிலவற்றை இழந்த பிறகு டி-இல் மீதி எத்தனை என்பது இரண்டாவது. இரும்பு +2 என்றால் 6, +3 என்றால் 5. அணைவுச் சேர்மத்தில் ஈனிகள் (உலோகத்தைச் சூழ்ந்து ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள், அயனிகள்) கொடுப்பதையும் சேர்த்து உலோகத்தைச் சுற்றி மொத்தம் எத்தனை என்பது மூன்றாவது. அங்கே விடை பெரும்பாலும் 18-ஐ ஒட்டி வரும். கேள்வித்தாளில் 'அணு', 'அயனி', 'அணைவு' என்ற சொற்களில் எது இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.

படி 1: தொகுதி எண்ணைக் கண்டுபிடியுங்கள்

தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். 3 முதல் 12 வரையிலான தொகுதிகளில் தொகுதி எண்தான் மொத்த இணைதிறன் எலக்ட்ரான் எண்ணிக்கை. நான்காம் வரிசையில் ஸ்கேண்டியம் 3, டைட்டேனியம் 4, வனேடியம் 5, குரோமியம் 6, மாங்கனீசு 7, இரும்பு 8, கோபால்ட் 9, நிக்கல் 10, தாமிரம் 11.

கையில் அட்டவணை இல்லையா? அணு எண் தெரிந்தால் போதும். நான்காம் வரிசைக்கு அணு எண்ணிலிருந்து 18-ஐக் கழியுங்கள், அது ஆர்கானின் எண். ஐந்தாம் வரிசைக்குக் கிரிப்டானின் 36. ஆறாம் வரிசையில் ஹாஃப்னியம் தொடங்கி 68-ஐக் கழிக்க வேண்டும். செனானின் 54-உடன் 4எஃப்-இல் நிரம்பிவிட்ட 14-ஐயும் சேர்த்தது அது. வெள்ளி 47, 36 போக 11. டங்ஸ்டன் 74, 68 போக 6. இந்த 14-ஐ மறந்து டங்ஸ்டனுக்கு 20 என்று எழுதும் விடைத்தாள்கள் ஆண்டுதோறும் வருகின்றன. 12-க்கு மேல் வந்தாலே கணக்கு தவறு என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய அட்டவணைகளில் ரோமன் எண்ணும் ஏ, பி எழுத்தும் போட்டிருப்பார்கள். அதில் இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றும் ஒரே எட்டாம் தொகுதியில் கிடக்கும். அதை வைத்து நிக்கலுக்கும் 8 என்று எழுதிவிடாதீர்கள். 1 முதல் 18 வரை எண்ணிட்ட அட்டவணையைத்தான் நம்ப வேண்டும்.

துத்தநாகம் ஒரு தனிக் கேஸ். தொகுதி எண் 12 என்றாலும் அதன் 3டி-இல் இருக்கும் 10 எலக்ட்ரான்கள் அணுவிலும் அசையாது, அயனியிலும் அசையாது. வேலை செய்வது 4எஸ்-இல் இருக்கும் 2 மட்டும். அதனால் துத்தநாகத்தின் இணைதிறன் எலக்ட்ரான் 2 என்பதே வழக்கம். பலர் அதை இடைநிலை உலோகமாகவே சேர்ப்பதில்லை.

படி 2: எலக்ட்ரான் அமைப்பை எழுதுங்கள்

இரும்பு: [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்². கூட்டினால் 8, படி 1-இல் வந்ததேதான். இந்தப் படி சரிபார்க்கத்தான்.

பிள்ளைகள் பயப்படுவது விதிவிலக்குகளுக்கு. சேலம் உருக்காலையின் ஸ்டெயின்லெஸ் தகட்டில் இருக்கும் குரோமியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3டி⁴ 4எஸ்² என்று எதிர்பார்ப்போம். உண்மையில் 3டி⁵ 4எஸ்¹. தாமிரம் 3டி¹⁰ 4எஸ்¹. ஐந்தாம் வரிசைக்குப் போனால் விதிவிலக்குகளே அதிகம்: மாலிப்டினம் 4டி⁵ 5எஸ்¹, ரோடியம் 4டி⁸ 5எஸ்¹, பல்லேடியமோ 4டி¹⁰ என்று 5எஸ்ஸையே காலி செய்துவிட்டு நிற்கிறது.

இத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அணு அமைப்பைக் கேட்டால் செய்துதான் ஆக வேண்டும். எண்ணிக்கைக்குத் தேவையே இல்லை. எஸ்ஸிலிருந்து டிக்கு ஓர் எலக்ட்ரான் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறப்போவதில்லை. 4+2-ம் 6, 5+1-ம் 6. பல்லேடியத்துக்கு 10+0.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் ஒரு மாணவி, வீட்டில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்கள், ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டாள்: "சார், வெள்ளி ஒரு எலக்ட்ரான்தானே குடுக்குது? அப்புறம் எதுக்கு 11-னு எழுதச் சொல்றீங்க?" நல்ல கேள்வி. கொலுசு கறுக்கிறதே, அது வெள்ளி சல்பைடு. அதில் வெள்ளி +1 நிலையில் இருக்கிறது, 5எஸ்-இல் இருந்த ஒன்று போய்விட்டது. கையிருப்பு 11, செலவானது 1, மீதி 10. முதல் வகைக் கேள்வி கேட்பது கையிருப்பை. அவள் கேட்டது செலவை. செலவைக் கண்டுபிடிக்கத்தான் அடுத்த படி.

படி 3: ஆக்சிஜனேற்ற எண்

இதைப் பத்தாம் வகுப்பிலிருந்தே செய்து வருகிறீர்கள், அதனால் நீட்டவில்லை. ஆக்சிஜனுக்கு −2, கார உலோகத்துக்கு +1, ஹாலைடுக்கு −1. எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் மொத்த மின்சுமைக்குச் சமம். பொட்டாசியம் டைகுரோமேட்டில் இரண்டு பொட்டாசியம் +2, ஏழு ஆக்சிஜன் −14. இரண்டு குரோமியம் சேர்ந்து +12 தர வேண்டும், ஒன்றுக்கு +6. அம்மோனியா, நீர், கார்பன் மோனாக்சைடு மாதிரி நடுநிலை ஈனிகளுக்கு 0 என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கஞ்சமலைக் கல்லில் ஒரு சிக்கல் உண்டு. அதிலிருக்கும் தாது மேக்னடைட்: மூன்று இரும்பு, நான்கு ஆக்சிஜன். கணக்குப் போட்டால் இரும்பு ஒன்றுக்கு 8/3 என்று பின்னம் வருகிறது. பின்னம் வந்தால் பயப்பட வேண்டாம், அது சராசரி. உள்ளே ஓர் இரும்பு +2, இரண்டு இரும்பு +3. சராசரியை வைத்து டி எலக்ட்ரானைக் கணக்கிடக் கூடாது. தனித்தனியாகப் பிரித்துத்தான் எண்ண வேண்டும்.

படி 4: கழித்தால் டி எண்ணிக்கை

தொகுதி எண்ணிலிருந்து ஆக்சிஜனேற்ற எண்ணைக் கழியுங்கள். வருவது முழுவதும் டி எலக்ட்ரான்.

இரும்பு +2: 8−2 = 6, அதாவது 3டி⁶. இரும்பு +3: 3டி⁵. ஸ்டெயின்லெஸ் பாத்திரத்தைத் துருப்பிடிக்காமல் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தில் குரோமியம் +3: 6−3 = 3. டைகுரோமேட்டில் குரோமியம் +6: மீதி 0.

மதிப்பெண் போகும் இடம் இதுதான். இரும்பு +2-க்கு 3டி⁴ 4எஸ்² என்று எழுதுகிறார்கள். "நிரப்பும்போது 4எஸ் முதலில், 3டி கடைசியில், எடுக்கும்போது கடைசியில் வந்தது முதலில் போகணும்" என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரப்பும் வரிசை என்பது ஒவ்வோர் அணுவின் அமைப்பையும் எழுத நாம் வைத்திருக்கும் வழி. எலக்ட்ரானை எடுக்கும்போது அணு அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. ஒரு எலக்ட்ரான் வெளியே போய் நேர்மின்சுமை வந்ததும், உள்ளே இருக்கும் 3டி-ஐ அணுக்கரு இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. 4எஸ் வெளியே தளர்வாக நிற்கிறது. போவது அதுதான். இடைநிலை உலோக அயனிகளில் 4எஸ் காலி என்று வைத்துக்கொள்ளுங்கள், கழித்து வரும் எண்ணை நேரே டி-இல் போட்டுவிடலாம்.

படி 5: எண்ணியது சரியா என்று ஆய்வகத்தில் பாருங்கள்

எண்ணிக்கை வெறும் தாள் கணக்கு என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது, பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் எல்லோரும் செய்யும் பெர்மாங்கனேட் தரம் பார்த்தல். கூம்புக் குடுவையில் மோர் உப்பு எனப்படும் இரும்பு +2 உப்பின் கரைசல், கூடவே நீர்த்த கந்தக அமிலம்; ப்யூரெட்டில் ஊதாப் பெர்மாங்கனேட். சொட்டுச் சொட்டாக விழும்போது ஊதா மறைந்துகொண்டே இருக்கிறது, ஒரு சொட்டில் வெளிர் இளஞ்சிவப்பு நின்றுவிடுகிறது. இதை எலக்ட்ரானாக எண்ணுவோம். பெர்மாங்கனேட்டில் மாங்கனீசு +7: 7−7 = 0. வினை முடிந்தபின் மாங்கனீசு +2: 7−2 = 5. ஒரு மாங்கனீசு 5 எலக்ட்ரான்களை வாங்கியிருக்கிறது. இரும்பு டி⁶-இலிருந்து டி⁵-க்குப் போகிறது, கொடுப்பது 1. அப்படியானால் ஒரு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து இரும்பு. நீங்கள் மனப்பாடம் செய்த சமன்பாட்டில் இருக்கும் அந்த 5 இங்கிருந்துதான் வருகிறது.

நிறத்தையும் கவனியுங்கள். டி-இல் எலக்ட்ரானே இல்லாத பெர்மாங்கனேட்டுக்கு எப்படி அவ்வளவு அடர்ந்த ஊதா? வழக்கமாக நிறம் தருவது டி-க்குள்ளேயே எலக்ட்ரான் தாவுவது; இங்கே அப்படித் தாவ எலக்ட்ரான் இல்லைதான். ஆக்சிஜனிலிருந்து மாங்கனீசுக்கு எலக்ட்ரான் தாவுகிறது, அந்த நிறம் அது. மாங்கனீசு +2-இல் ஐந்து டி ஆர்பிட்டாலிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்று இடம் மாற வேண்டுமானால் சுழற்சியைத் திருப்ப வேண்டும், அது எளிதில் நடக்காது. அதனால்தான் அந்தக் கரைசலில் கிட்டத்தட்ட நிறமே தெரிவதில்லை. இறுதி நிலையில் நாம் பார்க்கும் இளஞ்சிவப்பு, மிகையாக விழுந்த பெர்மாங்கனேட் சொட்டு.

இரண்டாவது சோதனைக்குக் காந்தம் போதும். கஞ்சமலைப் பக்கம் கிடக்கும் கருப்புப் பட்டை ஓடிய கல்லில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டும். இணையாகாத டி எலக்ட்ரான்களின் வேலை அது. மேக்னடைட்டில் இரண்டு இரும்பு +3, ஒவ்வொன்றிலும் இணையாகாதவை 5. ஒன்று நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த இடத்திலும் மற்றது ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த இடத்திலும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சுழியாகிவிடுகின்றன. மிஞ்சுவது இரும்பு +2. டி⁶-இல் ஒரு ஜோடி போக இணையாகாதவை 4. அளந்து பார்த்தால் ஒரு மேக்னடைட் அலகுக்கு ஏறத்தாழ 4 போர் மேக்னட்டான் (காந்தத் திருப்புத்திறனின் அலகு) வருகிறது. சராசரி 8/3-ஐ வைத்துக்கொண்டு இந்த 4-ஐ எட்ட முடியாது.

கரைசலில் இருக்கும் சாதாரண அயனிகளுக்கு, இணையாகாத எலக்ட்ரான் எண்ணிக்கையோடு அதைவிட 2 கூடுதலான எண்ணைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் காந்தத் திருப்புத்திறன் கிடைக்கும். ஒன்றுக்கு 1.73, மூன்றுக்கு 3.87, நான்குக்கு 4.90, ஐந்துக்கு 5.92 போர் மேக்னட்டான்.

எல்லாம் செலவாகுமா?

ஸ்கேண்டியம் முதல் மாங்கனீசு வரை, கையிருப்பு முழுவதையும் செலவழிக்க முடியும். உச்ச ஆக்சிஜனேற்ற எண்ணும் தொகுதி எண்ணும் ஒன்றே: 3, 4, 5, 6, 7. இரும்பிலிருந்து இது உடைகிறது. இரும்புக்கு 8 இருந்தும் +2, +3 தான் வழக்கம், ஃபெர்ரேட்டில் +6. நிக்கலுக்குப் பெரும்பாலும் +2. வலப்புறம் போகப்போக அணுக்கருவின் பிடி கூடுகிறது, டி எலக்ட்ரான்கள் உள்ளே ஒடுங்குகின்றன. கீழே உள்ள வரிசைகளில் பிடி தளர்வு; ருத்தேனியமும் ஆஸ்மியமும் டெட்ராக்சைடில் +8 வரை போகின்றன. இரிடியம் +9 நிலையை எட்டும் அயனியை 2014-இல் கண்டார்கள்.

மாங்கனீசுக்கும் சேலத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், இந்த வட்டாரத்து இரும்புத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். பின்பு இங்கிலாந்தில் 1839-இல், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். எலக்ட்ரான் என்ற சொல்லே பிறக்காத காலம் அது. சரி, கணக்குக்கு வருவோம்.

படி 6: அணைவுச் சேர்மத்தில் 18-ஐ எண்ணுவது

உலோகத்தின் ஒரு எஸ், மூன்று பி, ஐந்து டி ஆர்பிட்டால்கள், ஆக ஒன்பது. ஒன்றுக்கு 2 வீதம் 18. கார்பனைல் (உலோகத்தோடு கார்பன் மோனாக்சைடு சேர்ந்தது) போன்ற சேர்மங்களில் இந்த 18 நிரம்பினால் சேர்மம் நிலையாக இருக்கும் என்பது விதி. எண்ண இரண்டு முறைகள் உள்ளன. எதை எடுத்தாலும் விடை ஒன்றே, ஆனால் பாதி வழியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக் கூடாது.

நடுநிலை முறையில் உலோகத்துக்குத் தொகுதி எண்ணை அப்படியே போடுங்கள். கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, நீர், பாஸ்பீன் ஒவ்வொன்றும் 2 தரும். குளோரின், ஹைட்ரஜன், சயனைடு, மீத்தைல் ஒவ்வொன்றும் 1. ஐந்து கார்பன் வளையமான வளைய பென்டாடையீனைல் 5. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நேர்ப் பிணைப்பு இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் 1. கடைசியில் நேர்மின்சுமையைக் கழியுங்கள், எதிர்மின்சுமையைக் கூட்டுங்கள்.

அயனி முறையில் படி 4-இல் வந்த டி எண்ணிக்கையைப் போடுங்கள். குளோரைடு, ஹைட்ரைடு, சயனைடு எல்லாம் எதிர்மின் அயனிகளாக வருவதால் ஒவ்வொன்றும் 2, வளைய பென்டாடையீனைல் 6. மின்சுமையை மறுபடி கூட்டவோ கழிக்கவோ கூடாது; ஆக்சிஜனேற்ற எண்ணிலேயே அது அடங்கிவிட்டது.

உப்புப் பகுப்பாய்வில் பயன்படுத்தும் பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடை இரண்டு முறையிலும் போட்டுப் பார்ப்போம். அணைவு அயனியில் ஓர் இரும்பு, ஆறு சயனைடு, மின்சுமை −4. நடுநிலை முறை: 8 + 6 + 4 = 18. அயனி முறை: இரும்பு +2, டி எண்ணிக்கை 6; ஆறு சயனைடுக்கு 12; 6 + 12 = 18. இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? இரும்புக்கு 8, சயனைடுக்கு 12, மொத்தம் 20. பலர் இந்த 20-ஐ எழுதிவிட்டு, விதிவிலக்கு என்று கீழே ஒரு விளக்கமும் எழுதுகிறார்கள்!

மற்றவை எளிது. நிக்கல் டெட்ராகார்பனைல், 1890-இல் லுட்விக் மாண்ட் குழுவினர் அறிவித்தது: 10 + 8 = 18. இரும்பு பென்டாகார்பனைல்: 8 + 10. குரோமியம் ஹெக்சாகார்பனைல்: 6 + 12. ஃபெர்ரோசீன், இரண்டு வளைய பென்டாடையீனைலுக்கு நடுவே ஓர் இரும்பு: 8 + 5 + 5, அயனி முறையில் 6 + 6 + 6. மாங்கனீசுக்கு 7, ஐந்து கார்பனைல் சேர்த்தால் 17, ஒன்று குறைகிறது. அதனால் இரண்டு மாங்கனீசு ஒன்றோடொன்று பிணைந்து, பத்துக் கார்பனைலோடு இரட்டையாக நிற்கிறது. வனேடியம் ஹெக்சாகார்பனைல் 17-இலேயே நின்றுவிடுகிறது, இன்னொரு எலக்ட்ரானை எளிதில் வாங்கிக்கொள்ளும்.

இந்த 18 எல்லா இடத்திலும் செல்லாது. ஆறு நீர் சூழ்ந்த நிக்கல் +2-ஐ எண்ணினால் 8 + 12 = 20; அது பாட்டுக்குப் பச்சைக் கரைசலாக நிலையாக இருக்கிறது. வில்கின்சன் வினையூக்கியில் ரோடியம் 9, குளோரின் 1, மூன்று பாஸ்பீனுக்கு 6, மொத்தம் 16. டாலன்ஸ் கரணியில் இரண்டு அம்மோனியாவோடு இருக்கும் வெள்ளி +1-க்கு 10 + 4 = 14 தான். நீர், அம்மோனியா, ஹாலைடு ஈனிகள் வந்தால் 18-ஐத் தேடி அலைய வேண்டாம். கார்பனைல், வளைய பென்டாடையீனைல் வந்தால் தேடுங்கள்.

போட்டுப் பார்க்க

விடையை மூடி வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

மயில்துத்தம். ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காப்பிக்கும் மிளகுக்கும் தெளிக்கும் போர்டோ கலவைக்குச் சுண்ணாம்போடு சேர்ப்பது. தாமிரம் +2: 11−2 = 9. இணையாகாதது 1, திருப்புத்திறன் 1.73.

குரோமைட். ஓர் இரும்பு, இரண்டு குரோமியம், நான்கு ஆக்சிஜன். இரும்பு +2-க்கு டி⁶, குரோமியம் +3-க்கு டி³. இதில் பின்னம் வராது.

வெள்ளை பெயின்டில் சேர்க்கும் டைட்டேனியம் டைஆக்சைடு. 4−4 = 0.

சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் 78, 68 போக 10. +2 நிலையில் டி⁸. இரண்டு குளோரைடு, இரண்டு அம்மோனியா சேர்ந்து 8. மொத்தம் 16, தள சதுர வடிவத்துக்கு இதுவே வழக்கம்.

இரண்டு கோபால்ட், எட்டுக் கார்பனைல், அதில் இரண்டு கார்பனைல் இரு கோபால்டுக்கும் நடுவே பாலமாக நிற்பது. ஒவ்வொரு கோபால்டுக்கும் 9. தனியாக ஒட்டிய மூன்று கார்பனைலுக்கு 6. பாலக் கார்பனைல் ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 1 என்று பிரித்துக் கொடுப்பதால் 2. கோபால்ட்–கோபால்ட் பிணைப்புக்கு 1. மொத்தம் 18. உங்களுக்கு 20 வந்திருந்தால் பாலக் கார்பனைலை இரண்டு பக்கமும் 2 என்று எழுதியிருக்கிறீர்கள். 17 வந்திருந்தால் உலோகப் பிணைப்பை விட்டுவிட்டீர்கள்.